கால் சுற்றுத் திறந்த சிலிண்டர்

கடலுக்கு அடியில் போகிறவர்களுக்கு மூச்சு விடும் சாமான்களைப் பூட்டிக் கொடுப்பது ஒரு உத்தியோகம் என்று தமிழும் தெலுங்கும் கலந்த எங்கள் விஜயபுரம் பக்கத்தில் யாரிடமாவது சொன்னால், வெயிலில் சுற்றியிருக்கிறான் என்று மோர் கொடுத்துப் படுக்கச் சொல்வார்கள். நான் அந்த உத்தியோகத்தை அந்தமானில் ஏழு வருஷம் பார்த்தேன். சேர்ந்த ஆறாவது மாதம், என் கையால் ஒரு அம்மாள் கடலுக்குள் செத்துக்கொண்டிருக்கிறார் என்று நம்பி நான் ஆடிய ஆட்டம் ஒன்று உண்டு. என் வயதுக்காரர்கள் தங்கள் வீரதீரத்தைச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். எனக்குச் சொல்ல வாய்த்தது இந்த நடுக்கம்தான்.

அதற்கு முன்னால் நான் திருப்பதி பக்கத்து ரேணிகுண்டாவில் கேஸ் வெல்டர். எங்களுக்கு ஊரில் முதலில் நிலமே கிடையாது. நைனா காலத்தில் வந்த முக்கால் ஏக்கரில் வேர்க்கடலை போட்டோம். அது வருஷத்தில் நாலு மாதம்தான் எங்களைக் கூப்பிடும். மீதி மாதங்களுக்கு ரேணிகுண்டாப் பட்டறை. காலையில் பஸ், சாயங்காலம் எது கிடைக்கிறதோ அது.

பட்டறையில் இரண்டு சிலிண்டர்கள் புருஷன் பெண்டாட்டி மாதிரி பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். கறுப்பாக இருப்பது ஆக்சிஜன். அரக்கு நிறத்தில் இருப்பது அசிட்டிலின். ஆக்சிஜனை முழுக்கத் திறக்கலாம். அசிட்டிலினைக் கால் சுற்றுக்கு மேல் திறக்கக் கூடாது. எங்காவது தீப்பிடித்தால் ஒரே திருகில் மூடிவிட்டு ஓடத் தோதாக இருக்க வேண்டும். இந்தக் கால் சுற்று எங்களுக்கு வேதம். யாராவது கொஞ்சம் அதிகமாகத் திறந்து வைத்திருந்தால், அந்தப் பக்கமாகப் போகிற எவனும் பேசாமல் அதை மூடி, மறுபடி கால் சுற்று திறந்துவிட்டுப் போவான். யார் திறந்தது என்று கேட்க மாட்டான், சொல்லிக்காட்ட மாட்டான். மற்ற இடங்களில் வணக்கம் சொல்வார்களே, எங்கள் பட்டறையில் அதற்குப் பதில் இது. இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்தது. புதிதாக வாங்கிய கேஸ் அடுப்பில் என் மனைவி சோறு வைத்தால், நான் தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் தீயைக் குறைத்துவிட்டு வருவேன். அரிசி வேகாத பழியை அவள் பல மாதம் ரேஷன் கடை மேல் போட்டுக்கொண்டிருந்தாள்.

அப்புறம் காலம் மாறியது. நாங்கள் ஒட்டிக்கொண்டிருந்த சாமான்களெல்லாம் ஒட்டவே தேவையில்லாமல் புதிதாக, பளபளவென்று பெட்டியில் வந்து இறங்கின. பட்டறையில் வாரத்துக்கு மூன்று நாள் வேலை, பிறகு இரண்டு நாள். நாராயணவனத்துக்காரனான என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, அதற்குள் அந்தமானுக்குப் போய் டைவிங் கம்பெனி ஒன்றில் போட் ஓட்டிக்கொண்டிருந்தான். ஜனங்கள் கையில் காசு புரள ஆரம்பித்த நேரம். லீவு விட்டால் மாமியார் வீட்டுக்குப் போனவர்கள் இப்போது கடலுக்கு அடியில் போகிறார்கள் என்றான். கம்ப்ரஸர் ஓட்டவும் சிலிண்டர் நிரப்பவும் ஆள் தேவை என்று முதலாளி கேட்டபோது, எங்க மாமா சிலிண்டரோடயே பொறந்தவர் என்று சொல்லி வைத்துவிட்டான். நான் கப்பல் ஏறினேன். மூன்று நாள் வாந்தி எடுத்தேன். அதை விரிவாகச் சொல்ல வேண்டாம்.

வேலை பிடிபட ஒரு மாதம் ஆனது. சிலிண்டரில் நிரப்புவது வெறும் காற்றுதான். அதன் தலையில் ரெகுலேட்டரைப் பூட்ட வேண்டும். அதிலிருந்து வாய்க்கு ஒரு குழாய், எவ்வளவு காற்று இருக்கிறது என்று காட்டும் முள்ளுக்கு ஒரு குழாய். எல்லாவற்றையும் ஒரு ஜாக்கெட்டில் கட்டி, வால்வை முழுக்கத் திறந்து, ஆளின் முதுகில் மாட்டி, கடலில் தள்ள வேண்டும். முழுக்க என்பதை முதலாளி மூன்று தடவை சொன்னார். அவர் சென்னைக்காரர். எதையும் மூன்று தடவை சொல்வார். அப்போது எனக்கு அது வியாதி என்று தோன்றியது.

வேலையை விடக் கஷ்டம், வருகிறவர்கள் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது. நானும் மச்சானும் அவர்களை இரண்டு சாதியாகப் பிரித்திருந்தோம். ஒன்று, மாப்பிள்ளைகள். போட்டில் ஏறியதும் மாலைக்கு நிற்பது மாதிரி இரண்டு கையையும் லேசாக விரித்து நிற்பார்கள். ஜாக்கெட் தானாக வந்து ஏற வேண்டும். காலை நீட்டினால் துடுப்புச் செருப்பு மாட்டப்பட வேண்டும். முகக் கண்ணாடியில் நாம்தான் எச்சில் தடவிக் கழுவிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே பனி படிந்து ஒன்றும் தெரியாது. இன்னொன்று, தொடாதேக்காரர்கள். சொந்தச் சாமானைப் பெட்டியில் கொண்டுவந்து, தாங்களே பூட்டி, நாம் கிட்டப் போனால் கோழி குஞ்சை மறைப்பது மாதிரி மறைத்துக்கொள்வார்கள். மாப்பிள்ளையைக் கவனிக்காவிட்டால் புகார். தொடாதேக்காரரைக் கவனித்தால் புகார். முகத்தைப் பார்த்தே எந்த வகை என்று சொல்வதில் மச்சான் கெட்டிக்காரன். நான் பத்துக்கு நாலு தப்பு.

அந்த அம்மாள் தொடாதேக்காரர்களுக்கே தலைவி. அறுபது வயதைத் தாண்டியவர். திருப்பதியில் பிறந்து, கல்யாணமாகி அமெரிக்கா போய், முப்பது வருஷமாகக் கடல் கடலாக முங்கிக்கொண்டிருப்பவர். இந்த முறை ஊருக்கு வந்தவர் மலையில் முடி கொடுத்துவிட்டு நேரே எங்கள் தீவுக்கு வந்திருந்தார். மொட்டைத் தலையில் சந்தனம் காயாமலே போட்டில் ஏறினார். நான் பையை வாங்கக் கை நீட்டியதும், தெலுங்கில், "என் சாமானை யாரும் தொட வேண்டாம் நாயனா," என்றார். நானும் தெலுங்கிலேயே சரிங்கம்மா என்றேன். ஊர்ப் பேச்சு கேட்டதும் முகம் மலர்ந்து எந்த ஊர் என்று விசாரித்தார். ரேணிகுண்டாவில் வேலை பார்த்தேன் என்றேன். "ரேணிகுண்டாவா? அப்படியென்றால் கிட்டேயே வராதே," என்று பக்கத்து ஊரைக் கேலி செய்து சிரித்தார்.

தொடாதே என்பதைச் சும்மா சொல்லவில்லை. சாமானைப் பூட்டி, வால்வைத் திறந்து, முள்ளைப் பார்த்து, மூச்சு இழுத்துப் பார்த்த பிறகு, வால்வின் குமிழ் மேல் ஒரு சிவப்பு டேப் துண்டு ஒட்டுவார். நான் பார்த்தாகிவிட்டது, இனி எவன் கையும் படக் கூடாது என்று அர்த்தம்.

மூன்றாம் நாள் காலை ஐந்து பேர் இறங்குவதாக இருந்தது. வழிகாட்ட முதலாளி, அந்த அம்மாள், பெங்களூரிலிருந்து வந்த புதுக் கல்யாண ஜோடி, ஹைதராபாத்திலிருந்து ஒரு பெரியவர். பெரியவர் சுத்தமான மாப்பிள்ளை. வலது கால் செருப்பை மாட்டிவிட்டு நிமிர்ந்தால் இடது காலை நீட்டினார். ஜோடியோ ஒருவருக்கொருவர் மாட்டிவிட்டதில் அவள் ஜாக்கெட் அவனுக்கு, அவன் ஜாக்கெட் அவளுக்கு என்று ஆகியிருந்தது. முதலாளி அங்கிருந்து கத்துகிறார், போட் ஆடுகிறது, நான் ஓடிக்கொண்டிருக்கிறேன். சிலிண்டர்கள் வரிசையாக நின்ற பலகையை ஒட்டித்தான் போக வேண்டும். அந்த அம்மாள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் பின்பக்கமாகச் சாய்ந்து தண்ணீரில் விழுந்தார்கள். குமிழி எழும்பியது. அப்பாடா என்று உட்கார்ந்து நெற்றி வேர்வையைத் துடைத்தேன். நெற்றியில் என்னவோ ஒட்டியது. பிய்த்துப் பார்த்தேன். சிவப்பு டேப். என் கட்டை விரலிலிருந்து நெற்றிக்கு இடம் மாறியிருந்தது.

முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு என் கை எனக்கு முன்னாலேயே ஒப்புக்கொண்டது. அந்தப் பக்கமாக ஓடும்போது ஒரு வால்வு முழுக்கத் திறந்திருந்ததைக் கை பார்த்திருக்கிறது. பேசாமல் மூடி, கால் சுற்று திறந்துவிட்டு வந்திருக்கிறது. நான் அந்தமானில் இருந்தேன். கை ரேணிகுண்டாவில் இருந்தது.

மேலே இருக்கும்போது கால் சுற்றுக் காற்று போதும். ஆழம் போகப் போக ஒவ்வொரு மூச்சுக்கும் அதிகமான காற்று வேண்டும். கால் சுற்றில் அது வராது. இழுக்க இழுக்க வராது. முதலாளி மூன்று தடவை சொன்னதன் காரணம், இப்போது நாலாவது தடவையாக என் காதில் விழுந்தது.

மச்சானிடம் டேப்பைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அவன் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மாமா, நீ சும்மா குந்து. அது முப்பது வருஷமா முங்கற அம்மா. முள்ளு ஆடனா தெரியாதா? பக்கத்துலயே மொதலாளி கீறாரு. தொறந்து உட்டுடுவாரு."

"உடலன்னா?"

"உடுவாரு."

"டேய், செத்துட்டா இன்னாடா பண்றது?"

"சாவறவங்க இவ்ளோ தூரம் டிக்கெட் போட்டுக்கினு வர மாட்டாங்க."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. கீழே இருப்பவர்களைக் கூப்பிட ஒரு வழி உண்டு. தண்ணீருக்குள் இருக்கும் இரும்பு ஏணியில் ஸ்பானரால் மூன்று மூன்றாகத் தட்ட வேண்டும். எங்கே இருந்தாலும் கேட்கும். கேட்டால் எல்லோரும் மேலே வந்தாக வேண்டும். தட்டினால் ஐந்து பேரின் காலை நேரமும் பாழ். ஏன் தட்டினாய் என்று கேட்பார்கள். சொன்னால் என் வேலை போகும், என்னைச் சேர்த்துவிட்ட பாவத்துக்கு அவன் வேலையும் போகும். தட்டாமல் இருந்தால், அந்த அம்மாள் பிழைத்திருந்தால், ஒருவருக்கும் தெரியாது. "எங்கக்கா கேட்டா நான் இன்னான்னு சொல்றது?" என்று அவன் என் ஸ்பானர் கையைப் பிடித்துக்கொண்டான்.

நான் யோசித்த லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். முதலில் குதிக்கலாம் என்று முகக் கண்ணாடியை மாட்டினேன். தலைகீழாக மாட்டியிருந்தேன். எனக்குத் தெரிந்தது கிணற்று நீச்சல். கிணற்றுக்கு நாலு பக்கம் சுவர் உண்டு. அப்புறம் ஏழுமலையானிடம் பேரம் பேசினேன். மொட்டை போடுகிறேன் என்றேன். அந்த அம்மாள் ஏற்கெனவே போட்டுவிட்டு வந்திருக்கிறார், அதற்கே இதுதான் கதி என்று உடனே தோன்றியது. பிறகு அழுதேன். கண்ணாடி மாட்டியிருந்ததால் கண்ணீர் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தேங்கியது. அதற்கப்புறம்தான் தட்டினேன். தைரியத்தால் தட்டியதாக யாரும் நினைக்க வேண்டாம். அவ்வளவு பயத்தைத் தனியாக வைத்துக்கொள்ள முடியவில்லை.

மூன்று, மூன்று, மூன்று. ஏணியே பிய்ந்துவிடும்போலத் தட்டினேன். தட்டிக்கொண்டே தண்ணீரைப் பார்த்தேன். ஜோடி முதலில் எழும்பியது, கையைக் கோத்தபடி. அப்புறம் ஒரு மொட்டைத் தலை. "அம்மா!" என்று நான் போட்ட கூச்சலில் அந்தத் தலை திரும்பியது. மீசை இருந்தது. ஹைதராபாத்துப் பெரியவர். அவருக்கு வழுக்கை என்பது அதுவரை என் கவனத்தில் இல்லை. அவர் வழக்கம்போலக் கையை நீட்டினார். நான் அவரைப் பிடிக்காமல் அவர் பின்னால் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடல் சும்மா கிடந்தது.

"மாமா, இந்தாண்ட," என்று மச்சான் மறுபக்கத்திலிருந்து கூப்பிட்டான்.

போட்டின் அந்தப் பக்கத்தில் முதலாளியும் அந்த அம்மாளும் மிதந்துகொண்டிருந்தார்கள். அம்மாள் குழாயை வாயிலிருந்து எடுத்து நிதானமாக மூச்சு விட்டார். நான் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினேன்.

முதலாளி ஏணியில் ஏறும்போதே என்னடா ஆச்சு என்று கேட்டார். நான் டேப்பை நீட்டினேன். தமிழில் தொடங்கி, தெலுங்குக்குத் தாவி, நடுவில் இங்கிலீஷில் சாரி சாரி என்று, அசிட்டிலினையும் ரேணிகுண்டாவையும் கால் சுற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். முதலாளியின் முகம் அரக்கு நிறத்துக்கு வந்தது. நாளைக்குக் கப்பல் இருக்கிறதா என்று மச்சானிடம் கேட்டார்.

அந்த அம்மாளும் ஏணியில் ஏறி வந்தார். ஜாக்கெட்டைக் கழற்றி வைத்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். என் கையிலிருந்த டேப்பை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"நிஜமாகவே நீதான் தொட்டாயா?"

"ஆமாங்கம்மா."

"என் மேல் பரிதாபப்பட்டுச் சொல்லவில்லையே?"

எனக்குப் புரியவில்லை. அப்புறம் அவரே சொன்னார். எட்டு மீட்டரில் மூச்சு இழுக்கும்போதெல்லாம் முள் விழுந்து விழுந்து எழுந்ததாம். உடனே முதலாளியின் தோளைத் தட்டியிருக்கிறார். அவர் பின்னால் கைவிட்டு வால்வைத் திறந்துவிட்டார். அரை நிமிஷ வேலை. ஆபத்து அவ்வளவுதான். ஆனால் டேப் ஒட்டிவிட்டுக்கூட வால்வைத் திறக்க மறந்திருக்கிறோம் என்று அந்த அம்மாள் நினைத்துவிட்டார். அவருடைய தாயார் கடைசி வருஷங்களில் பெற்ற பிள்ளைகளின் பெயரையே மறந்தவர். போன வருஷத்திலிருந்து இவருக்கும் சாவி எங்கே, கண்ணாடி எங்கே என்று தேடும்படி ஆகிவிட்டது. இன்று கீழே இருந்தபோதே, இதுதான் கடைசி முங்கல், சாமானையெல்லாம் யாருக்காவது கொடுத்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டாராம். அப்போதுதான் என் தட்டல் கேட்டிருக்கிறது.

"அப்போ, நான் திறந்துதான் வைத்திருந்தேன்," என்றார்.

"முழுசா தெறந்து வெச்சிருந்தீங்கம்மா. எங்க பட்டறையில அடி வாங்கற அளவுக்குத் தெறந்திருந்தீங்க."

அந்த அம்மாள் மொட்டைத் தலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண் கலங்கியதா, கடல் தண்ணீரா, தெரியாது. சிரித்து முடித்ததும் திட்ட ஆரம்பித்தார். திருப்பதித் தெலுங்கில், அமெரிக்காவில் முப்பது வருஷமாகப் பேச ஆள் கிடைக்காமல் சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் எனக்கு வந்தது. கழுதை, குருட்டுக் கழுதை, ரேணிகுண்டாவின் குருட்டுக் கழுதை என்று படிப்படியாக. மொழி புரியாத பெங்களூர் ஜோடிகூட ரசித்துக் கேட்டது. நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு இனிமையான திட்டு வாங்கியதில்லை. திட்டுவதற்கு ஆள் உயிரோடு இருக்கிறாரே.

கப்பல் விஷயம் வந்தபோது முதலாளியிடம் அவர் சொன்னது இதுதான். "அனுப்புவது உங்கள் இஷ்டம். ஆனால் இனி ஜென்மத்துக்கும் தொடாதவன் இவன் ஒருவன்தான். புதிதாக வருகிறவனை நான் எப்படி நம்புவது?"

முதலாளி என்னை அனுப்பவில்லை. மன்னிக்கவும் இல்லை. அந்த சீசன் முடியும்வரை கம்ப்ரஸர் ஷெட்டை விட்டு வெளியே வரக் கூடாது என்றார். அன்று மாலை டெலிபோன் பூத்துக்குப் போய், விஜயபுரத்தில் பக்கத்து வீட்டு போனுக்கு மனைவியைக் கூப்பிடச் சொன்னேன். நடந்ததைச் சொன்னேன். அப்புறம், "என் தம்பி வேல கீதா?" என்றாள். இருக்கிறது என்றேன். "அப்போ நம்ம ஊட்டு அடுப்புத் தீயக் கொறச்சிக்கினு இருந்ததும் நீதானா?" என்றாள். அன்றைக்கு எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளும் வேகத்தில் இருந்ததால் அதையும் ஒப்புக்கொண்டேன்.

கம்பெனியில் புது முறை வந்தது. சாமானை யார் போட்டுக்கொள்கிறாரோ அவர் எதிரில் இல்லாமல் எங்கள் கை படக் கூடாது. வால்வை அவரே திறக்க வேண்டும். முள்ளைப் பார்த்துக்கொண்டே மூன்று மூச்சு இழுக்க வேண்டும். நாங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். மாப்பிள்ளைகள் முதலில் முணுமுணுத்தார்கள். காசு கொடுத்துவிட்டு நாங்களே திருகுவதா என்றார் ஹைதராபாத்துப் பெரியவர். இரண்டாம் நாள் தானே திருகினார். மூன்றாம் நாள் திருகுகிற மாதிரி போட்டோ எடுக்கச் சொன்னார். தொடாதேக்காரர்களுக்கும் ஒரு ஆறுதல். கூட ஒரு ஜோடிக் கண் பார்க்கிறது, கை மட்டும் வரவில்லை. இரண்டு சாதியும் ஒன்றாகிவிட்டதால், சீசன் முடிந்து நான் போட்டுக்குத் திரும்பியபோது எனக்கும் முகம் பார்த்துக் கண்டுபிடிக்கிற தொல்லை போயிற்று.

அந்த அம்மாள் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், அந்தப் பயணத்தில் கடைசியாக ஒரு தடவை இறங்கினார். காலையில் ஷெட்டுக்கு ஆள் வந்தது, போட்டுக்கு வரச் சொல்கிறார்கள் என்று. முதலாளி வேண்டாம் என்றிருக்கிறார். அந்த அம்மாள் கேட்கவில்லை. நான் எண்ணெய்க் கையோடு போய் நின்றேன். அவர் சாமானைப் பலகையில் சாத்தி வைத்திருந்தார். பக்கத்தில் சிவப்பு டேப் சுருளைக் காணவில்லை.

"கையைப் பின்னால் கட்டு," என்றார். கட்டினேன்.

வால்வைத் திறந்தார். ஒன்று, ஒன்றரை, இரண்டு என்று அது நிற்கிறவரை. ஒவ்வொரு சுற்றுக்கும் என் விரல்கள் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன. அவர் மூச்சு இழுத்தார். முள் அசையவில்லை. மறுபடி இழுத்தார். அசையவில்லை.

"நன்றாகப் பார்த்தாயா? நான் திறந்தேனா?"

"தெறந்தீங்கம்மா."

"எவ்வளவு?"

"முழுசா."

"மறுபடி சொல்லு."

"முழுசா தெறந்தீங்கம்மா. நான் பாத்தேன்."

அவர் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு விளிம்பில் உட்கார்ந்தார். கண்ணாடியை இறக்கும் முன் என்னைத் திரும்பிப் பார்த்து, இன்றைக்கு ஆமை பார்க்கப் போகிறேன், சாவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி நிற்காதே என்றார். நான் சிரித்தேன். அவர் பின்பக்கமாகச் சாய்ந்தார்.